ட்றஸ்டியா இருந்தனீங்கள், நகரசபைக்கு நிண்டு தோத்தும் போனீங்கள், திருப்பி நிக்கப் போறீங்களோ? அப்ப இதைப் பாத்திட்டு நில்லுங்கோ

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எலெக்சன் எண்டு வந்தா எங்கட ஆக்களின்ர பேர் ரெண்டு மூண்டாவது சைனில இருக்கும், அதில ஒராள் எப்பவும் முந்தி கல்விச்சபையில ட்றஸ்டியா, அதாவது சனம் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யிற கல்விச்சபை உறுப்பினரா, இருந்தவரா இருப்பார். ட்றஸ்டிக்கு வெண்டவர், பிறகு கவுன்சிலருக்கு நிண்டு தோத்தவர், நாலு வருசம் கழிச்சு திருப்பி நிக்கிறவர். சனம் "உவருக்கு வேற வேலை இல்லையோ" எண்டு நக்கலடிக்கும். அடிக்கட்டும். இது அப்பிடி நிக்கிற ஆக்களுக்கும் அவைக்குப் பின்னால திரியிற தம்பி தங்கச்சிமாருக்கும் எழுதுறது. ஒன்ராறியோ சட்டத்தை வச்சுத்தான் சொல்லுறன், உதாரணமெல்லாம் பெரும்பாலும் ரொறன்ரோ.

முதல்ல ஒண்டு, திருப்பித் திருப்பி நிக்கிறது வெக்கக்கேடு இல்லை. நீதன் சாணைப் பாருங்கோ, 2006இல யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்கு ட்றஸ்டியா வெண்டவர், அதுக்குப் பிறகு மாகாணத் தேர்தலிலயும் நகரசபையிலயும் எத்தனையோ தரம் நிண்டு தோத்து, 2016இல ரொறன்ரோ கல்விச்சபைக்கு இடைத்தேர்தலில வந்து, 2017 பெப்ரவரியில பழைய 42ஆம் வட்டாரத்துக்கு கவுன்சிலரா வெண்டு, 2018இல இருநூறு வோட்டு வித்தியாசம் கூட இல்லாமல் ஜெனிபர் மக்கெல்வியிட்ட தோத்து, 2022இல திருப்பி ட்றஸ்டியா வந்து, 2025 செப்ரெம்பரில 25ஆம் வட்டார இடைத்தேர்தலில திருப்பி வெண்டவர். பார்த்தி கந்தவேள் 2014இல இருந்து ட்றஸ்டி, 2022இல 20ஆம் வட்டாரத்துக்கு நிண்டு தோத்தவர், 2023 நவம்பரில அதே வட்டாரத்தில இடைத்தேர்தல் வர வெண்டிட்டார். யுவனிதா நாதன் யோர்க் ட்றஸ்டியா இருக்கேக்க 2018இல மாகாணத்துக்கு நிண்டு லோகன் கணபதியிட்ட தோத்தவ, 2022இல மார்க்கம் 7ஆம் வட்டாரத்துக்கு கவுன்சிலர், 2025இல எம்.பி. இவையின்ர கட்சி, கொள்கை உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ அது வேற கதை. தோல்விக்குப் பிறகு என்ன செய்தா அடுத்தமுறை வேற மாதிரி முடியும் எண்டதுதான் இப்ப எங்கட அலுவல்.

ட்றஸ்டி வோட்டு உங்கட வோட்டு இல்லை

இதை முதல்ல மண்டையில ஏத்துங்கோ. கன முன்னாள் ட்றஸ்டிமார் இதிலதான் விழுறவை. "எனக்கு போனமுறை இத்தினையாயிரம் வோட்டு விழுந்தது, அதில பாதி வந்தாலே கவுன்சிலர் சீற் எனக்குத்தான்" எண்டு கணக்குப் போடுவினம். அந்தக் கணக்கு சரிவராது, ஏனெண்டு பாருங்கோ.

2022 எலெக்சனில ரொறன்ரோ நகரசபைக்கு 25 வட்டாரம், ரொறன்ரோ பொதுக் கல்விச்சபைக்கு 22 வட்டாரம், கத்தோலிக்கக் கல்விச்சபைக்கு 12. வட்டார இலக்கம் ஒண்டோட ஒண்டு பொருந்தாது. சில ட்றஸ்டி வட்டாரத்துக்குள்ள ஒண்டுக்கு மேற்பட்ட கவுன்சிலர் வட்டாரம் கிடக்கும். 2018 வரைக்கும் நகரசபையில 44 வட்டாரம், அதை 47 ஆக்கப்போய், எலெக்சன் நடந்துகொண்டிருக்கேக்கயே டக் ஃபோர்டின்ர மாகாண அரசாங்கம் 25 ஆக்கிப்போட்டுது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2021இல 5க்கு 4 எண்டு அரசாங்கம் பக்கம் தீர்ப்பு வந்தது. அதால இப்ப ஒரு வட்டாரத்தில லட்சத்துக்கு மேல சனம். முந்தி ஒரு கோயில் திருவிழாவில முகம் காட்டினா பாதி வட்டாரத்தையே பாத்தமாதிரி, இப்ப அந்தக் கதை சரிவராது.

அடுத்தது, பொதுக் கல்விச்சபை ட்றஸ்டிக்கு கத்தோலிக்க சபைக்கு பதிஞ்ச சனம் வோட்டுப் போட ஏலாது. ஸ்காபரோவில எங்கட கத்தோலிக்க ஆக்கள் கொஞ்சநஞ்சமே? அவையள் ஆரும் உங்கட பேரை வோட்டுச் சீட்டில ஒருநாளும் கண்டிருக்க மாட்டினம். கவுன்சிலருக்கு நிக்கேக்க அவையும் உங்கட வாக்காளர், அவையிட்ட நீங்கள் புது ஆள். இன்னொண்டு, ட்றஸ்டி பேர் வோட்டுச் சீட்டில கடைசிப் பக்கம் கிடக்கும், கன பேர் தெரிஞ்ச பேர், தெரிஞ்ச இனம் எண்டு பாத்து புள்ளடி போட்டிட்டுப் போறது. அது உங்கட வேலைக்கு விழுந்த வோட்டு எண்டு நினைச்சா உங்களையே நீங்கள் ஏமாத்துறீங்கள்.

அப்ப என்ன செய்யிறது? நகரசபையின்ர திறந்த தரவு தளத்தில போன எலெக்சன் முடிவுகள் வாக்குச்சாவடி வாரியா கிடக்கு, காசு இல்லாமல் இறக்கலாம். உங்கட ட்றஸ்டி எலெக்சன் ஒண்டு, தோத்த கவுன்சிலர் எலெக்சன் ஒண்டு, ரெண்டையும் எக்செல்ல போடுங்கோ, இல்லாட்டி பல்கலைக்கழகத்தில படிக்கிற பிள்ளை ஒண்டிட்ட குடுங்கோ. எந்தச் சாவடியில முதலாவதா வந்தனீங்கள், எதில மூண்டாவது, எதில சனமே வரேல்லை எண்டு நிறம் பூசி ஒரு மேப் எடுங்கோ. சுவரில ஒட்டுங்கோ. அந்த மேப்பைப் பாக்காமல் ஆரும் "அண்ணை இந்தமுறை நல்லா இருக்கு" எண்டு சொன்னா நம்பாதேங்கோ. ஆதரவாளர் எண்டு பக்கத்தில நிக்கிறவை எப்பவும் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுவினம்.

அதில முக்கியமாப் பாக்கவேண்டியது மூண்டாவது வகை, சனம் வராத சாவடி. ரொறன்ரோவில 2014இல ஏறக்குறைய 55 வீதம் வோட்டு, 2018இல 41, 2022இல 30 கூட இல்லை. பத்துப் பேரில ஏழு பேர் வீட்டில நிண்டிட்டினம். மற்றவற்ர வோட்டைப் பறிக்கிறதை விட இந்த ஏழு பேரில ஒராளைக் கிளப்புறது சில இடத்தில லேசு, முக்கியமா உயர்ந்த கட்டிடங்களில.

நிக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது

மேப்பைப் பாத்தாப் பிறகு வேற ஆர் நிக்கினம் எண்டு விசாரியுங்கோ. இது கதைக்க கஸ்டமான விசயம், எண்டாலும் சொல்லத்தான் வேணும். இங்க ஆர் கூட வோட்டோ அவர் வெண்டார், அவ்வளவுதான், பாதிக்கு மேல எடுக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில இருக்கிற லண்டன் நகரம் 2018இல விருப்ப வரிசைப்படி வோட்டுப் போட்டுப் பாத்தது, 2020இல மாகாண அரசாங்கம் அந்த வழியையே மூடிப்போட்டுது. அப்ப ஒரே வட்டாரத்தில மூண்டு தமிழர் நிண்டா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. மே மாதத்துக்கு முந்தியே மற்ற ஆக்களோட ஒரு கோப்பி குடிச்சுக் கதையுங்கோ. சங்கத் தலைவர், கோயில் ஐயா, வர்த்தகப் பிரமுகர் எண்டு நடுவில ஆக்களைப் போட்டா அது பஞ்சாயத்தா மாறி பகையிலதான் முடியும், நேராப் போய்க் கதைக்கிறதுதான் நல்லம். கையில மேப்போட போங்கோ.

உங்கட வீடு அந்த வட்டாரத்தில இருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை, நகரத்துக்குள்ள இருந்தாலோ, வீடு சொந்தமாவோ வாடகைக்கோ வச்சிருந்தாலோ போதும், ஆனா கதவில சனம் கேக்கும், மறுமொழி கையில இருக்கவேணும். கனேடியக் குடியுரிமை கட்டாயம், 18 வயசு. நகரசபையில வேலை செய்யிற ஆள் எண்டா லீவு எடுக்கவேணும், கல்விச்சபையில வாத்தியார் எண்டா கவுன்சிலருக்கு நிக்க அந்தச் சிக்கல் இல்லை.

திகதியும் பேப்பரும்

வாற எலெக்சன் 2026 ஒக்டோபர் 26, திங்கள். வேட்புமனு மே 1இல இருந்து ஓகஸ்ட் 21 மத்தியானம் 2 மணி வரைக்கும். கவுன்சிலருக்கு 100 டொலர் கட்டணம், மேயருக்கு 200, கணக்கை நேரத்துக்குக் காட்டினா திருப்பித் தருவினம். ட்றஸ்டிக்கு நிக்கேக்க கேக்காத ஒண்டு இங்க இருக்கு, 25 வாக்காளரின்ர ஆதரவுக் கையெழுத்து வேணும். வட்டாரத்துக்குள்ளதான் எண்டில்லை, நகரத்தில வோட்டுள்ள ஆரும் போடலாம். நீங்கள் நாப்பது எடுங்கோ, ஏனெண்டா எங்கட ஆக்களில சில பேர் இன்னும் பி.ஆர். (நிரந்தர வதிவிடம் மட்டும், குடியுரிமை இல்லை), அது அவைக்கே அந்த நேரம் நினைவு வராது, சில பேர் ரொறன்ரோ எண்டு சொல்லிக்கொண்டு பிக்கரிங்கில இருப்பினம்.

மனு குடுக்கிறதுக்கு முந்தி ஒரு சதமும் சேர்க்கவும் ஏலாது, செலவழிக்கவும் ஏலாது. இது விளையாட்டில்லை. ஏப்ரிலில "அறிமுகக் கூட்டம்" எண்டு ஹோல் எடுத்து, அப்பமும் றோல்சும் குடுத்து, உண்டியல் வைக்கிற பழக்கத்தை விடுங்கோ.

காசு

இதில கொஞ்சம் நிண்டு கதைப்பம், ஏனெண்டா எங்கட சனத்தில கனக்கப் பிழை நடக்கிறது இங்கதான், அதுவும் நல்ல மனசால.

ஒராள் ஒரு கவுன்சிலர் வேட்பாளருக்கு ஆகக்கூட 1,200 டொலர் குடுக்கலாம், ஒரே சபைக்கு நிக்கிற எல்லாருக்குமாச் சேர்த்து 5,000. ஒன்ராறியோவில வசிக்கிற தனி ஆள் மட்டும்தான். கொம்பனி குடுக்கேலாது, யூனியன் குடுக்கேலாது, ஒன்ராறியோ முழுக்க 2018 எலெக்சனில இருந்து இந்த நிலைமை. இதில என்ன நடக்குது எண்டா, கடை வச்சிருக்கிற அண்ணை அன்பில கடையின்ர செக்கை எழுதி நீட்டுவார். வாங்கக்கூடாது. "அண்ணை, உங்கட சொந்த எக்கவுண்டில இருந்து தாங்கோ" எண்டு சொல்லவேணும், அவர் கோவிச்சாலும் சரி. ஹோல்காரர் "சும்மா எடுங்கோ தம்பி" எண்டு மண்டபத்தைத் தந்தா அதுவும் கொம்பனி குடுத்த நன்கொடைதான், வாடகையைக் கட்டி ரசீது எடுங்கோ. காசாக் குடுத்தா 25 டொலருக்கு மேல வாங்கேலாது. பேர் சொல்லாமல் உண்டியலில போட்ட காசு உங்கடை இல்லை, நகரசபைக் கிளார்க்கிட்டக் குடுக்கவேணும். மனிசன் மனிசி சேர்ந்த எக்கவுண்டில செக் எண்டா ஆர் குடுக்கிறது எண்டு எழுதி வையுங்கோ. வொலன்ரியரா வந்து வேலை செய்யிறது நன்கொடைக் கணக்கில வராது, அதை எவ்வளவும் வாங்கலாம்.

கடன் எண்டா பாங்கிலயோ அங்கீகாரமுள்ள கடன் நிறுவனத்திலயோ மட்டும், பொறுப்பு நிக்கிறது நீங்களும் உங்கட மனிசி அல்லது மனிசனும் மட்டும். மச்சானிட்ட கைமாத்து, சீட்டுக்காசைத் திருப்பிவிடுறது, இதொண்டும் சரிவராது.

சொந்தக் காசுக்கும் எல்லை இருக்கு, இது ட்றஸ்டிக்கு நிக்கேக்க இல்லாத எல்லை, அதால முன்னாள் ட்றஸ்டிமாருக்கு இது புதுசா இருக்கும். கவுன்சிலருக்கு 5,000 டொலரும் ஒரு வாக்காளருக்கு 20 சதமும், எப்பிடிப் பாத்தாலும் 25,000க்கு மேல போகேலாது. 70,000 வாக்காளர் உள்ள வட்டாரம் எண்டு வையுங்கோ, உங்கட குடும்பக்காசு 19,000இல நிக்கும். மொத்தச் செலவு எல்லை 5,000உம் ஒராளுக்கு 85 சதமும், அதே வட்டாரத்தில 64,500. அப்ப மிச்சத்தை சனத்திட்டத்தான் எடுக்கவேணும், வீட்டை மோட்கேஜ் வச்சு எலெக்சன் கேட்ட காலம் போட்டுது, ஒருவகையில அது குடும்பத்துக்கு நல்லம்.

சனத்திட்டக் கேக்க ரொறன்ரோவில ஒரு நல்ல ஆயுதம் இருக்கு. மேயருக்கும் கவுன்சிலருக்கும் குடுக்கிற நன்கொடையில ஒரு பங்கை நகரசபை குடுத்த ஆளுக்கே திருப்பிக் குடுக்குது, 25 டொலரில இருந்து 300 வரைக்கும் 75 வீதம். ட்றஸ்டிக்கு இது இல்லை. வேட்பாளர் அந்தத் திட்டத்தில சேர்ந்திருக்கவேணும், ரசீது வடிவா எழுதியிருக்கவேணும். "அக்கா, 100 டொலர் தாங்கோ, அடுத்த வருசம் 75 உங்களுக்குத் திரும்பி வரும்" எண்டு சொல்லிப்பாருங்கோ, முகம் மாறுறது தெரியும். நாலு பெரிய ஆக்களிட்ட 1,200 எண்டு கேக்கிறதை விட இப்பிடி நூறு நூறா எடுக்கிறது நல்லம், ஏனெண்டா காசு குடுத்தவர் வோட்டுப் போட வருவார், வீட்டில மற்றவையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

எதிராளின்ர பழைய கணக்குகளும் பொதுவில கிடக்கு. ஆர் குடுத்தது, எவ்வளவு எண்டு எடுத்துப் படியுங்கோ. உங்களையும் ஆரோ படிக்கினம்.

கதவு தட்டுறது

வாக்காளர் பட்டியல் செப்ரெம்பர் 1இல இருந்துதான் எழுதிக் கேட்டு எடுக்கலாம். அதுக்கு முந்தி யூன், யூலையிலயே பட்டியல் இல்லாமல் வீதி வீதியாப் போங்கோ, ஆர் எந்த வீட்டில எண்டு நீங்களே எழுதுங்கோ. ட்றஸ்டியா இருக்கேக்க வந்த பெற்றோரின்ர ஈமெயில் லிஸ்ற்றை எடுத்துப் பாவிக்கலாமே எண்டு கேப்பீங்கள். கூடாது, அது கல்விச்சபை அலுவலுக்கு வந்த தகவல், தொடக்கூடாது. ஸ்கூல் படம், சபையின்ர சின்னம் எல்லாம் நோட்டீசில போடாதேங்கோ. ஆனா அந்தப் பெற்றோரின்ர கதவை ஆரும் தட்டலாம்.

அப்பாட்மென்ட், கொண்டோவில செக்கியூரிட்டி மறிச்சா சண்டை பிடிக்காதேங்கோ. ஒன்ராறியோவின்ர நகரசபைத் தேர்தல் சட்டப்படி காலமை 9இல இருந்து இரவு 9 வரைக்கும் வேட்பாளரையும் அவற்ர ஆக்களையும் மறிக்கேலாது. அந்தச் சட்டப்பிரிவை அச்சடிச்சு, மனுக் குடுத்த பேப்பரோட பையில வச்சிருங்கோ, சிரிச்சுக்கொண்டு காட்டுங்கோ. கன வேட்பாளர் கட்டிடங்களை விட்டிட்டு தனி வீடுகளுக்கு மட்டும் போறது, சைன் நட புல்லு இருக்கு எண்டு. சைன் வோட்டுப் போடாது.

கதவில என்ன கதைக்கிறது? முன்னாள் ட்றஸ்டி எண்டு சொன்ன உடன சனம் ஸ்கூல் கதைக்கும். 2025 யூனில மாகாண அரசாங்கம் ரொறன்ரோ பொது, கத்தோலிக்க சபைகள் உட்பட சில சபைகளுக்கு மேற்பார்வையாளரைப் போட்டு ட்றஸ்டிமாரின்ர அதிகாரத்தை எடுத்தாப் பிறகு "நீங்கள் ஆக்கள் என்ன செய்தனீங்கள்?" எண்டு கேக்கிற கதவு கூடிப்போச்சு. அதுக்கு அரசியல் பிரசங்கம் வேண்டாம். நீங்கள் செய்த ஒரு வேலை, இடம் பேரோட, ஒரே வசனத்தில சொல்லுங்கோ, "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால பிள்ளையள் கடக்கிற இடத்துக்கு ஆள் போட வச்சது நான்" மாதிரி, உண்மையாச் செய்ததா இருக்கவேணும். பிறகு உடன நகரசபை விசயத்துக்கு வாங்கோ: பஸ், குப்பை, பனி வழிக்கிறது, வீட்டு வரி, வாடகை. கல்வியிலேயே நிண்டா அவர் உங்களுக்கு ட்றஸ்டி வோட்டு மட்டும்தான் போடுவார்.

தமிழ் வீடுகளுக்கு மட்டும் போறதும் அதே பிழைதான். எங்கட வோட்டு மட்டும் வச்சு ரொறன்ரோவில எந்த வட்டாரமும் வெல்லேலாது. பிலிப்பினோ, கரீபியன், சீன, குஜராத்தி வீடுகள் எத்தினை. அந்தந்த மொழி தெரிஞ்ச வொலன்ரியர் ரெண்டு பேரைத் தேடுங்கோ, நோட்டீசை அவையைக் கொண்டே எழுதுவியுங்கோ, கூகிளில போட்டு எடுத்து அச்சடிச்சா படிக்கிற ஆள் சிரிப்பார்.

மார்க்கமில நிக்கிறவைக்கு ஒரு வித்தியாசம்: அங்க 2003இல இருந்து இன்ரநெற் வோட்டு. அப்ப கடைசி நாள் கார் ஓட்டி ஆக்களை ஏத்தி இறக்கிற வேலை குறைவு, முன்கூட்டிய நாட்களில போன் எடுத்து "போட்டிட்டீங்களோ அம்மா" எண்டு கேக்கிற வேலை கூட. கேக்கலாம், ஆனா அவையின்ர இரகசிய இலக்கத்தை வாங்கி நீங்கள் போட்டுக்குடுக்கிறது குற்றம், உதவி எண்டு நினைச்சும் செய்யக்கூடாது. ரொறன்ரோவில இப்பவும் கடதாசிதான்.

சைன் ரொறன்ரோவில வோட்டு நாளுக்கு 25 நாள் முந்தித்தான் வைக்கலாம், முடிஞ்சு 72 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கவேணும்.

இடைத்தேர்தலுக்கு ஆயத்தமா இருங்கோ

மேல சொன்ன பேர்களைத் திருப்பிப் பாருங்கோ, இடைத்தேர்தலிலதான் கன கதவு திறந்திருக்கு. கவுன்சிலர் ஒராள் மாகாணத்துக்கோ மத்திக்கோ போனா சீற் காலி, நகரசபை ஆளை நியமிக்கலாம் அல்லது இடைத்தேர்தல் வைக்கலாம், பொதுத் தேர்தல் வருசத்தில மார்ச் 31க்குப் பிறகு காலியானா இடைத்தேர்தல் இல்லை. அந்த நேரம் இருபது பேருக்கு மேலயும் நிப்பினம், வோட்டு சிதறும், சனம் குறைவா வரும், பதவியில இருக்கிற ஆள் எண்டு ஒருத்தரும் எதிரில இல்லை. அப்ப ஆரிட்ட ஏற்கனவே மேப்பும், ஆதரவாளர் பேரும், நடக்கத் தெரிஞ்ச நாப்பது வொலன்ரியரும் இருக்கோ அவைக்கு முன்னேற்றம். இதெல்லாம் தோத்த எலெக்சனில சேர்த்தது. தோத்த அடுத்த கிழமையே வாட்ஸ்அப் குறூப்பைக் கலைக்கிறவை இதை இழக்கினம். தேர்தல் இல்லாத வருசத்தில வீதிச் சங்கக் கூட்டம், நகரசபைக் குழுவுக்கு முன்னால போய் அஞ்சு நிமிசம் கதைக்கிறது, இதுகளைச் செய்துகொண்டு இருந்தா நாலு வருசத்துக்கு ஒருக்கா முளைக்கிற ஆள் எண்ட பேர் வராது.

தோத்தாலும் முடிக்கவேண்டிய அலுவல்

கணக்கு. அடுத்த வருசம் மார்ச் கடைசி வெள்ளிக்குள்ள நிதி அறிக்கை குடுக்கவேணும், பிந்தினா 30 நாள் தவணையும் 500 டொலர் தண்டமும், அதையும் விட்டா அடுத்த பொதுத் தேர்தல் முடியும் வரைக்கும் நிக்கவே ஏலாது. திருப்பி நிக்கிற ஆளுக்கு இதை விடப் பெரிய தோல்வி இல்லை. வரவோ செலவோ 10,000 தாண்டினா கணக்காய்வாளரின்ர அறிக்கையும் சேர்த்து, நல்ல ஓடிற்றரை முதல் நாளே பிடியுங்கோ, மார்ச்சில தேடினா அவையள் வருமான வரி வேலையில மூழ்கியிருப்பினம். மிச்சக்காசு இருந்தா அது கிளார்க்கிட்டப் போகும், அடுத்த எலெக்சனுக்கு எடுத்து வைக்கேலாது.

பழைய சைனை கராஜில வச்சிருக்கலாம், பிழையில்லை, ஆனா அதைத் திருப்பி நடேக்க சும்மா வந்தது எண்டு நினைக்காதேங்கோ, இண்டைக்கு அச்சடிச்சா என்ன விலையோ அந்த விலையை உங்கட சொந்தப் பங்களிப்பாயும் செலவாயும் கணக்கில எழுதவேணும், கம்பிக்கும் சேர்த்து. வட்டார இலக்கமும் பழைய வருசமும் இல்லாமல் வெறும் பேரோட அச்சடிச்சா அடுத்த முறைக்கும் உதவும், 2018இல 47 வட்டார இலக்கத்தோட அச்சடிச்ச ஆக்களைக் கேட்டுப்பாருங்கோ.